அவரவர் வீட்டுக் கிரகணம்

சூரியனை நாய் விழுங்குகிறது என்பது சீனர்களின் கட்சி. ஈப்போவில் என் அடுத்த வீட்டுச் சீனக் கிழவர், கிரகணம் வந்தால் சமையல்கட்டிலிருந்து வாணலியை எடுத்துவந்து, நடுத்தெருவில் நின்று கரண்டியால் அடிப்பார். நாய் பயந்துபோய்ச் சூரியனைக் கக்கிவிடுமாம். எதிர்வீட்டு மலாய்க்காரர் ராகு என்பார். அது நம் ஊர்ச் சரக்கு. என்றைக்கோ கப்பலேறிப் போயிருக்கிறது. இரண்டு பேரையும் பார்த்து இருபது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஊருக்கு வந்த பிறகுதான் அந்த வாணலிக் கிழவர் எவ்வளவு நல்லவர் என்று புரிந்தது. கொஞ்ச நேரம் அடிப்பார், உள்ளே போய்ச் சோறு தின்பார். யார்மேலும் பழி போடமாட்டார்.

நான் வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் என் அண்ணன் மகன் குமாரசாமிக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, சரசு. பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. ஈப்போவில் என்னோடு ஈயச் சுரங்க ஆபீசில் வேலை பார்ப்பவரின் மகளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு டாக்டர் தைத்துச் சரிசெய்தார். இன்று அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடுகிறாள். அந்த டாக்டர் லீவில் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே இருக்கும் நாள்களில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சிலருக்குக் கத்தி வைக்கச் சம்மதித்திருந்தார். செவ்வாய்க்கிழமையோடு அது முடிகிறது. பிறகு அவர் சீமைக்குப் போகிறார். திங்களன்று குழந்தையை அழைத்துக்கொண்டு மலையேற வேண்டும். கிரகணமும் பார்த்துப் பார்த்து அதே திங்களன்று வந்தது.

சனிக்கிழமை கல்பாத்தி அக்கிரகாரத்தில் இறங்கினேன். ஆபீசில் இன்னொருவர் தம் தகப்பனாருக்கு ஒரு வெந்நீர் பிளாஸ்க் கொடுத்தனுப்பியிருந்தார். தகப்பனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சூரியன், சந்திரன், பூமி என்று கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு, நிழல் விழுவதைக் காட்டிக் காட்டியே பென்ஷன் வரைக்கும் வந்தவர். நான் போன நேரத்தில் வீட்டில் ஊறுகாய்ப் பரணி, மோர்ப்பானை, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றின்மேலும் தர்ப்பைப் புல்லைக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொடுத்த பிளாஸ்க்கின் மூடியிலும் ஒரு புல் செருகப்பட்டது. ஆகாயத்தில் சூரியனையே விழுங்குகிறவன் மாவடுப் பரணியில் புல்லைக் கண்டால் ஓடிவிடுவான் போலிருக்கிறது.

வாத்தியாருக்கு மிருகசீரிஷ நட்சத்திரம். கிரகணம் அதே நட்சத்திரத்தில் பிடிக்கிறது. அதனால் நெற்றியில் ஓலைப் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். ஓலை நறுக்கி, மந்திரம் எழுதித் தயாராக இருந்தது. வீட்டில் இரண்டு பஞ்சாங்கம். இரண்டும் வேறு வேறு நேரம் சொல்லின. எது சரி என்று கேட்டேன். எதற்கு வம்பு, இரண்டு கணக்குக்கும் ஆற்றில் முழுக்குப் போட்டுவிடுகிறேன் என்றார். கரும்பலகையில் போட்ட வட்டங்கள் என்ன ஆயின என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அது பரீட்சைக்கு. இது ஆத்துக்கு, கேட்டேளா,” என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

காப்பி வந்தது. அமிர்தம், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குடித்த டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்துவிடும்படி மாமி உள்ளிருந்து சொன்னார். கிரகணத் தீட்டுக்குத் தர்ப்பை இருக்கிறது. கவுண்டன் குடித்த டம்ளருக்கு அந்தப் புல்லும் கேட்காது.

அங்கிருந்து பாலக்காட்டுக் கடைவீதிக்குப் போய், குழந்தைக்கு ஒரு கவுன் எடுக்க ராவுத்தர் கடையில் ஏறினேன். எங்கள் குடும்பம் தலைமுறையாகத் துணி எடுக்கும் கடை அது. கல்பாத்தி எரிச்சலை அவரிடம் கொட்டினேன். ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். சூரியனும் சந்திரனும் படைத்தவனின் அடையாளங்கள், யார் சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் அவை மறைவதில்லை, மறைந்தால் தொழ வேண்டியது, அவ்வளவுதான் என்றார். பாலைவனத்தில் தண்ணீர் கண்ட மாதிரி இருந்தது. ஊரில் ஒரு மனுஷனாவது இருக்கிறாரே என்று நினைத்தேன். கவுனைப் பொட்டலம் கட்டும்போது மெல்லக் குரலைத் தாழ்த்தினார். மூத்த மகள் முழுகாமல் இருக்கிறாளாம். கிரகணத்தன்று காலையிலிருந்து கை கால் மடக்காமல் அவளை நீட்டிப் படுக்கவைக்க ஏற்பாடு ஆகியிருக்கிறதாம்.

“மார்க்கத்துல அப்படி ஒண்ணும் இல்லீங்க,” என்றார். “ஆனா ஊட்டுல பொம்பளைங்க கேக்க மாட்டாங்க பாருங்க.”

எல்லா மார்க்கத்துக்கும் வீடு என்று ஒன்று இருக்கிறது. அங்கே பாம்பு வந்து படுத்துக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெருமாட்டிக்குப் பஸ். கூரை ஒழுகியது. ஒழுகும் இடத்தில் உட்கார்ந்தவர் குடையை விரித்துக்கொண்டார். அந்தக் குடைத் தண்ணீர் என் தோளில் வடிந்தது. வழியில் பஸ் நின்று, டிரைவர் இறங்கி யாரோ ஒருவரோடு மாட்டு விலை பேசிவிட்டு வந்தார். மலாயாவில் இப்படிச் செய்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இங்கே பயணிகளும் விலை என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். மதராஸ் ராஜ்யம் முடிந்து, திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திருக்கொச்சி ராஜ்யம் தொடங்கியது. மழைக்கு அது தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ‘அவதி’ என்று கண்டக்டர் சொன்னார். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. தமிழில் அதற்கு என்ன பொருள் என்பது மறுநாள் காலையில் விளங்கியது.

வீட்டில் நல்ல வரவேற்பு. சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றித் தந்தார்கள். ஈப்போவில் எந்தக் கடையிலும் கிடைக்காத சாப்பாடு. சரசு தாயின் சேலை மறைவில் நின்று என்னைப் பார்த்தாள். நான் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மூன்று வயதுக் குழந்தைக்கு வாயை மறைக்க வேண்டும் என்று யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கவுனை நீட்டினேன். ஒரு கையால் வாங்கினாள். மறு கை வாயைவிட்டு இறங்கவில்லை.

யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது சாயங்காலமே தெரிந்தது. பால் கறக்க வந்தவன், “மூளி எங்கீங்க, காணம்?” என்று சாதாரணமாகக் கேட்டான். கிரகண மூளி என்பது முழுப்பெயர். சுருக்கி மூளி. விளிம்பு உடைந்த குடத்துக்குச் சொல்லும் வார்த்தை. கர்ப்பிணி கிரகணத்தில் எதையாவது வெட்டினால் குழந்தை மூளியாகப் பிறக்கும் என்பது இவர்கள் சாஸ்திரம். ஆகவே குழந்தைக்கு மூளி என்று பெயர் வைத்த கையோடு, வெட்டினவள் என்ற பெயரைத் தாய் ராமாத்தாளுக்கு வைத்துவிட்டார்கள்.

அப்படி என்னதான் வெட்டினாள் ராமாத்தாள்? ஊரில் விசாரித்தேன். பாக்கு வெட்டினாள் என்றார் ஒருவர். இல்லை, கத்தரிக்காய் என்றார் இன்னொருவர். கத்தரிக்காயின் நிறம்தான் உதட்டில் இறங்கியிருக்கிறது என்று சாட்சியும் வைத்தார். எருமைக்குச் சோளத்தட்டு வெட்டினாள் என்றும், அதைத் தான் கண்ணால் பார்த்ததாகவும் ஒரு கிழவி சத்தியம் செய்தாள். கேட்பவன் கேனயன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். இங்கே ஆளுக்கு ஒரு கலயம் பிடித்துவைத்திருந்தார்கள்.

குழந்தையை அனுப்புவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அண்ணன் காலமான பிறகு வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். பேத்தியின் வாய் மூடினால் பழநிக்கு நடந்தே வருவதாக நங்கையா வேண்டியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: கிரகணம் விட்ட பிறகே குழந்தை வாசலைத் தாண்ட வேண்டும். கிரகணம் பட்ட உடம்பில் மறுபடி படக்கூடாதாம். காலையில் பிடிக்கும் கிரகணம் ஒன்பது ஒன்பதேகாலுக்குள் விட்டுவிடும்; மீனாட்சிபுரத்தில் பஸ் பத்தரைக்கு. அதை விட்டால் உடுமலையில் மலையேறும் பஸ்ஸைப் பிடிக்க முடியாது; மலைப் பஸ் ஒரு நாளைக்கு ஒன்றுதான். போதிய நேரம் இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது சூரியனே இல்லை. ஆனி மாதத்து மேகம், தென்னந்தோப்புக்கு மேலே ஈரத்துணி போர்த்தியதுபோல் மூடியிருந்தது. பிடிப்பதையும் பார்க்க முடியாது, விடுவதையும் பார்க்க முடியாது. அடுப்பு மூட்டவில்லை. விடியலில் கறந்த பால் முழுவதையும் வாழைக்கு ஊற்றினார்கள். ஈப்போவில் டப்பாப் பாலைத் தண்ணீரில் கலந்து குடிக்கிற நான், அத்தனை பாலும் மண்ணில் ஓடுவதைப் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பையில் இரண்டு பழம் இருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்த் திருடன் மாதிரித் தின்றேன்.

சூரியன் தெரியாவிட்டால் என்ன, உலக்கை இருக்கிறதே! பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நங்கையா நிறுத்தினார். நின்றது. கிரகணம் பிடித்திருக்கும் வரையில் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் தானாக விழும் என்பது கணக்கு. ராமாத்தாளும் குழந்தையும் உள்ளறையில், கதவு சாத்தி இருந்தார்கள்.

ஒன்பதரை ஆயிற்று. உலக்கை நின்றது. குமாரசாமி வண்டி பூட்டலாமா என்று கேட்டான். உலக்கை விழட்டும் என்று பதில் வந்தது. நல்ல பிள்ளை, தாய் சொல்லைத் தட்டாதவன். போய் மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டான். உலக்கை ஏன் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தேன். அடியில் புதிதாக இரும்புப் பூண் போட்டிருக்கிறது. அகலமாக, தட்டையாக, கொல்லன் நன்றாகவே அடித்திருக்கிறான். பொங்கல் வரை நிற்கும்.

இதற்குள் பக்கத்து வீட்டில் புகை எழுந்தது. சமைக்கிறார்கள். அவர்கள் உலக்கையை ஆடு முட்டித் தள்ளிவிட்டதாம். அதைக் காட்டி, கிரகணம் விட்டுவிட்டது பாருங்கள் என்றேன்.

“அது அவீக ஊட்டுக் கிரகணமுங்க. நம்மூட்டுது இன்னும் உடலே,” என்றார் நங்கையா.

சூரியன் ஒன்றுதான், சந்திரன் ஒன்றுதான். கிரகணம் மட்டும் வீட்டுக்கு ஒன்று! நான் போய் உலக்கையைத் தள்ளக் கை நீட்டினேன். நங்கையா குறுக்கே வந்து நின்றார். யாராவது தொட்டு விழுந்தால் குழந்தையை அனுப்பமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எந்த உலக்கையும் எந்த நேரமும் நிற்கும் என்று கண்ணெதிரே நிரூபித்துவிட்டால்? களத்துக் கொட்டகையில் பழைய உலக்கை ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிவந்து, நிலம் சமமான இடமாகப் பார்த்து, பூண் உள்ள பக்கத்தை ஊன்றி மெல்லக் கையை எடுத்தேன். நின்றது. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

நங்கையா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. “பாத்தீங்களா கொழுந்தனாரே? ரெண்டும் நிக்குது. இன்னும் உச்சத்துல இருக்குது.”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். இனி ஒரு உலக்கை அல்ல, இரண்டு உலக்கையும் விழ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன், பத்தாகப் போகிறது. பூகோளம் சொன்னேன், கெஞ்சினேன், இரைந்தேன். இந்த டாக்டர் போய்விட்டால் குழந்தை காலம் முழுக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான் என்றேன். அந்த அம்மாளும் அழுதார். அழுதுகொண்டே குறுக்கே நின்றார்.  இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து, ஒரு கட்டையிடம் தோற்றுப் போனேனே என்று இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. ராமாத்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சரசு புதுக்கவுன் போட்டிருந்தாள். ராமாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. என் உலக்கையைக் கடந்தாள், சேலை உரசி அது விழுந்தது. தாம்பாளத்தருகே வந்தாள். இடுப்புக் குழந்தையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் உலக்கையைத் தள்ளினாள். மறைத்தெல்லாம் செய்யவில்லை. உலக்கை சாய்ந்து உருண்டு, மஞ்சள் தண்ணீர் வாசலெல்லாம் பரவியது.

“விழுந்துருச்சுங்க அத்தை,” என்றாள். “கிரகணம் உட்டுருச்சு.”

நங்கையா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையின் வாயைப் பார்த்தார்.  தள்ளினாள் என்று ஒரு வார்த்தை வந்தால் எல்லாம் முடிந்தது.

“வண்டியப் பூட்டுடா,” என்று மகனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனார்.

மீனாட்சிபுரத்தில் பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கொளுத்திக் காட்டக் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மூடநம்பிக்கைக்கு நன்றி சொன்னேன். குமாரசாமியை மாடுகளோடு விட்டுவிட்டு நாங்கள் மூவரும் ஏறினோம். உடுமலையில் மலைப் பஸ் கிடைத்தது. மலையேறும்போது எஞ்சின் கொதித்து நிற்க, கண்டக்டர் ஓடையில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினார். அந்த இடைவெளியில் நான் வாய் ஓயாமல் பேசிச் சிரித்தேன். நங்கையா கைகூப்பியதை நடித்துக் காட்டினேன். சபாஷ், இந்தக் குடும்பத்தில் கிரகணத்துக்குப் பயப்படாதவர்கள் நாம் இரண்டு பேராவது இருக்கிறோமே என்றேன்.

ராமாத்தாள் சிரிக்கவில்லை. உலக்கையைத் தள்ளிய கையை மடியில் வைத்து, மற்றக் கையால் இறுகப் பிடித்திருந்தாள். 

“எனக்குப் பயமுங்க மாமா. ரொம்பப் பயம்,” என்றாள். “வந்தா எனக்கு வரட்டும்னு சொல்லீட்டுத்தான் தள்ளினனுங்க.”

 எனக்கு உலக்கை வெறும் கட்டை. அதைத் தள்ள எனக்கு என்ன தைரியம் வேண்டியிருந்தது? ஒன்றும் இல்லை.

எஸ்டேட்டில் குளிரும் அட்டையும் பால் விடாத கட்டன்காப்பியும் எங்களை வரவேற்றன. கூலிகள் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் முந்தின நாள் காலையில் தகர டின் அடித்து, ராகுவிடமிருந்து சூரியனை மீட்டதாகக் கேள்விப்பட்டேன், மழைக்குள்ளேயேதான். துரை இந்த மடத்தனத்தைப் பார்த்துச் சிரித்தாராம். அவருடைய பங்களா வாசலில் அதிர்ஷ்டத்துக்காகக் குதிரை லாடம் ஒன்று ஆணியடித்திருந்ததை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் சரசுவின் உதட்டைத் தைத்தார். உலக்கை நின்ற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. வெளியே வந்து, இனிப் பேச்சும் வரும், சிரிப்பும் வரும், மெல்லிய கோடு ஒன்று இருக்கும் என்றார். நான் அழுதுவிட்டேன்; சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

மத்தியானம் குழந்தை மயக்கம் தெளியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ராமாத்தாள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மா வந்து குழந்தையின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் சிலுவை. போகிற போக்கில், தாயைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டாள்.

“ஏம்மா, இவ வயித்துல இருக்கச்சே கிரகணத்துல எதையாவது வெட்டுனியோ?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் ராமாத்தாள் பதில் சொன்னாள். இந்தக் கேள்விக்கு ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ பதில் வைத்திருந்தார்கள். அவளிடமே கேட்டது இந்த நர்ஸம்மா ஒருத்திதான்.

“இல்லீங்க,” என்றாள். “அன்னைக்கு எங்க அத்தை சொன்னபடியே கதவச் சாத்தீட்டுப் படுத்துக் கெடந்தனுங்க. ஒண்ணையுமே தொடலீங்க.”

நர்ஸம்மாவுக்கு அது புதிதாக இருந்தது போலும். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பொறவு எதனால இப்படி ஆச்சு?”

ராமாத்தாள் குழந்தையின் கட்டுப்போட்ட வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாதுங்க,” என்றாள்.